உயிருள்ள காதைத் தொடும் முன்

காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவத்தில் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் முதலாண்டு மருத்துவர்களுக்கு,

கலந்தாய்வு முடிந்து, விடுதி அறையில் பெட்டியை இறக்கி வைத்திருப்பீர்கள். இந்தத் துறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்கள் உங்களில் சிலர். நீட் தரவரிசைக்கு இதுதான் கிடைத்தது என்று வந்தவர்கள் பலர். அப்படி வந்தவர்களும் தலை நிமிர்ந்தே வரலாம். நான் பயிற்றுவித்தவர்களில் மிக நல்ல கைகள் சில அப்படி வந்தவைதான். மூன்று ஆண்டுகளில் ஆயிரம் பேர் ஆயிரம் அறிவுரை சொல்வார்கள். நான் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல எழுதுகிறேன்.

உயிரோடிருக்கும் ஒருவரின் காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பில் டிரில்லை வைப்பதற்கு முன், இறந்தவரின் எலும்பில் வைத்துப் பழகுங்கள். பெயருக்கு ஒன்றிரண்டு எலும்பு போதாது. கைக்கு வழி தெரியும் வரை பழக வேண்டும். உங்கள் துறையில் அதற்கு ஏற்பாடு இருந்தால் விடாமல் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்டும் கிடைக்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள்.

துறைக்குள் பேச வேண்டியதைப் பொதுவில் ஏன் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். உங்களிடம் காதைக் கொடுக்கப் போகிறவர்களும் இதைப் படிக்கட்டும் என்றுதான். அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டை ஓபி வரிசையில் நிற்பவர்கள் யார் என்று இந்த வாரமே பார்த்திருப்பீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள்; சிறு வயதில் ஆரம்பித்த சீழ் முப்பது வயதிலும் நிற்காதவர்கள்; காய்ச்சிய எண்ணெயும் கோழி இறகும் ஊக்கும் போய்வந்த காதுகள். வசதி உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போய், பல ஆண்டு அனுபவமுள்ள கையைக் காசு கொடுத்துப் பெற்றுக்கொள்கிறார். வசதி இல்லாதவரின் உடம்பில்தான் மருத்துவரின் கை பழகுகிறது. காலங்காலமாக நடக்கும் இதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பயிற்சி இல்லாமல் அறுவை மருத்துவர் உருவாக முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. பயிற்சியின் தொடக்கப் பகுதி, தடுமாற்றமும் பிசகும் நிறைந்த பகுதி, உயிருள்ளவரின் காதில் நடக்க வேண்டிய அவசியமில்லை என்கிறேன். காதைப் பொறுத்தவரை அதைத் தவிர்க்க வழி இருக்கிறது. வழி இருந்தும் தவிர்க்காமல் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டெம்போரல் போன் என்று நாம் சொல்லும் பொட்டெலும்பில் நாம் வேலை செய்யும் பகுதி ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். உடலிலேயே சிறிய எலும்பான அங்கவடி, சுமார் மூன்று மில்லிமீட்டர் உயரத்தோடு அதற்குள்தான் இருக்கிறது. கேட்கும் உறுப்பும், கீழே விழாமல் நம்மை நிறுத்தும் உறுப்பும் அங்கேயே. மேலே மெல்லிய எலும்புத் தகடு. அதைத் தாண்டினால் மூளையுறை. பின்னால், மூளையிலிருந்து ரத்தத்தை இறக்கும் சிக்மாய்டு சைனஸ். இத்தனைக்கும் நடுவே ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் தூரம் வளைந்து வளைந்து போகிறது முகநரம்பு. உடலில் வேறு எந்த நரம்பும் இவ்வளவு நீளமான எலும்புக் குழாய்க்குள் பயணம் செய்வதில்லை. டிரில்லின் சுழலும் முனையான பர் அதன் மேல் ஒரு நொடி இறங்கினால் போதும்: நோயாளியின் கண் மூடாது, வாய் ஒரு பக்கம் இழுக்கும், தண்ணீர் குடித்தால் கடைவாயில் வழியும். காதில் சீழ் என்று வந்தவர் கோணிய முகத்தோடு ஊருக்குத் திரும்புவார். அவர் கடையில் நின்று பேசி விற்பவராக இருக்கலாம், வகுப்பெடுக்கும் ஆசிரியையாக இருக்கலாம். அந்த முகத்தோடுதான் இனி அவர் வேலைக்குப் போக வேண்டும்.

இந்த உடற்கூறு எல்லாம் திங்ரா பாடநூலில் இருக்கிறது, ஸ்காட் பிரவுனில் இன்னும் விரிவாக இருக்கிறது. யூடியூபில் உலகின் சிறந்த கைகள் செய்யும் அறுவைகளைப் பார்க்கலாம். பாருங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் படத்தில் எல்லாம் வண்ணம் தீட்டி, பெயர் எழுதி இருக்கும். மைக்ரோஸ்கோப்பின் கீழே வெள்ளை எலும்பும் தண்ணீரும் எலும்புத்தூளும் மட்டும்தான். எலும்பு மெலிய மெலிய சிக்மாய்டு சைனஸ் நீலமாகத் தெரியத் தொடங்கும். மூளையுறையை நெருங்கும்போது இளஞ்சிவப்பு படரும், டிரில்லின் ஓசையும் மாறும். அந்த ஓசை மாற்றத்தை எந்தப் புத்தகத்திலும் கேட்க முடியாது. பக்கவாட்டு அரைவட்டக் குழாயின் வழவழப்பான மேடு தெரிந்த பிறகுதான் முகநரம்பு எங்கே என்று நம்பிக்கையோடு சொல்ல முடியும். அதற்கு முன்னால் கோர்னர்ஸ் செப்டம் என்ற எலும்புத் தடுப்பு சிலருக்கு இருக்கும். அதைத் தொட்டதுமே ஆன்ட்ரம் என்ற உட்குழிக்கு வந்துவிட்டோம் என்று புதியவர் நம்பிவிடுவார், உண்மையான ஆன்ட்ரம் அதற்கும் உள்ளே இருக்கும். இறந்தவரின் எலும்பில் அந்த ஏமாற்றத்தை ஒருமுறை சந்தித்தவர் பிறகு ஏமாறுவது அரிது.

அறுவைக் கூடங்களில் வழிவழியாக ஒரு பேச்சு உண்டு: ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு. தையல் போடுவதற்கு அது சரியாக இருக்கலாம். காதுக்குப் பொருந்தவே பொருந்தாது. நம் துறையின் வரலாறே அதற்குச் சாட்சி. ஹெர்மன் ஷ்வார்ட்ஸே 1873ல் மாஸ்டாய்டைத் திறக்கும் முறையை ஒழுங்குபடுத்தி எழுதியபோது கையில் இருந்தவை உளியும் சுத்தியலும். கார்ல் நைலன் 1921ல் ஸ்டாக்ஹோமில் காது அறுவைக்கு மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்தார். அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு அதனிடத்தில் செயற்கை உறுப்பை வைக்கும் துணிச்சல் ஜான் ஷேவுக்கு 1956ல் வந்தது. கருவி நுணுக்கமாக ஆக ஆக, கை பழக வேண்டிய இடம் சுருங்கிக்கொண்டே வந்தது, பிசகுக்கான இடமும் சுருங்கியது. அதனால்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் காது மருத்துவர்களான ஹவுஸ் குடும்பத்தார் கட்டிய நிறுவனத்தில் இறந்தவர்களின் பொட்டெலும்பைத் துளைத்துப் பழகும் வகுப்பு அவ்வளவு புகழ்பெற்றது. ஏற்கெனவே அறுவை செய்துகொண்டிருந்த மருத்துவர்களே பல நாடுகளிலிருந்து அங்கே போய் மேசை முன் உட்கார்ந்து பழகினார்கள்.

நம்மிடம் என்ன நடக்கிறது? நல்ல டெம்போரல் போன் லேப் உள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் இருக்கின்றன, தங்கள் எலும்பு அறையைக் கோயில் போலப் பேணும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். வேறு மாதிரியும் பார்த்திருக்கிறேன். ஆய்வுக் குழு வரும் அன்று திறந்து, மேசை துடைத்து, பெயர்ப்பலகை மாட்டி, அவர்கள் போனதும் பூட்டப்படும் அறை. உள்ளே உறை பிரிக்காத டிரில். எலும்பு மட்டும் இருக்காது. கேட்டால், "எலும்பு எங்கேம்மா கிடைக்கிறது?" என்பார்கள்.

எலும்பு அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் முதலாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்கள் உடல் அறுத்துப் படிக்கிறார்கள். அந்த ஆண்டு முடியும்போது, அந்த உடல்களின் இரண்டு பக்கப் பொட்டெலும்பும் பெரும்பாலும் யாரும் தொடாமலேயே இருக்கும். அனாட்டமி துறையும் நம் துறையும் பேசி வைத்துக்கொண்டு, முறைப்படி பதிவேட்டில் எழுதி எடுத்துக்கொண்டால் உங்கள் பயிற்சிக்கு எலும்பு கிடைக்கும். பேசி வைத்துக்கொள்வதற்குத்தான் யாரும் முன்வருவதில்லை. அந்த உடல்களில் பல, வீட்டார் கண்ணீரோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த உடல் தானங்கள். நாளைய மருத்துவர்களுக்குப் பயன்படட்டும் என்று ஒருவர் தன் உடலையே கொடுத்திருக்கும்போது, அவருடைய காதெலும்பை நாம் கேட்டு வாங்காததால் வீணாகப் போகவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு.

மனித எலும்பு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். இறைச்சிக் கடையில் ஆட்டுத்தலை கிடைக்கும். ஆட்டின் நடுக்காது அளவில் சிறியது, அமைப்பும் சற்று வேறு. ஆனால் செவிப்பறையைத் தூக்கவும், ஒட்டு வைக்கவும், சிற்றெலும்புகளைத் தொட்டுப் பழகவும் போதுமானது. மூக்கு எண்டோஸ்கோப்பியிலும் ஒரு கையில் கேமராவும் மறு கையில் கருவியுமாக முதலில் தடுமாறுவதை ஆட்டுத்தலையிலேயே தடுமாறித் தீர்த்துவிடலாம். முப்பரிமாண அச்சில் செய்த எலும்புகளும் வரத் தொடங்கிவிட்டன. எதில் பழகினாலும் முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எலும்புத்தூளை மூச்சில் இழுக்கக் கூடாது.

பழகும்போது ஒன்றைக் கவனியுங்கள். நரம்பை வெட்டாமல் முடித்தேன் என்பதோடு நிறுத்த வேண்டாம். வேண்டுமென்றே நரம்பைத் தேடிப் போங்கள். அதன் மேலுள்ள எலும்பை டயமண்ட் பர் கொண்டு முட்டையோடு அளவுக்கு மெலிய வையுங்கள். முழு நீளத்துக்கும் அதைக் கண்ணால் பாருங்கள். நரம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் கைதான் நடுங்காது. தெரியாதவர் பயந்து பயந்து தொலைவிலேயே நிற்பார், எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமாவில் பாதியை உள்ளேயே விட்டுவிட்டு வருவார். அதே நோயாளி இரண்டு ஆண்டு கழித்து அதே சீழோடு திரும்பி வருவார். துணிவின்மையும் நோயாளிக்குக் கெடுதல் செய்யும் என்பதைப் பயிற்சியில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் எதற்கெல்லாம் அடிப்படை என்பதற்கு காக்ளியர் இம்ப்ளாண்ட் ஒன்று போதும். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு, ஆறு வயதுக்குள் வந்தால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த அறுவையைச் செய்ய முடிகிறது. பல லட்சம் ரூபாய் ஆகும் கருவி அது. கூலி வேலை செய்பவரின் பிள்ளைக்கும் அது கிடைப்பது நம் மாநிலம் பெருமைப்பட வேண்டிய விஷயம். அந்தக் கருவியின் மின்முனை உள்ளே போகும் வழி, முகநரம்புக்கும் சுவை நரம்புக்கும் இடையே சில மில்லிமீட்டரே அகலமுள்ள சந்து. உள்காதிலுள்ள காக்ளியா பிறக்கும்போதே பெரியவர்களுக்கு உள்ள அளவில் இருக்கிறது. ஆனால் கைக்குழந்தைக்கு மாஸ்டாய்டு முனை வளர்ந்திருக்காது, அதனால் எலும்பைவிட்டு வெளியே வரும் முகநரம்பு தோலுக்கு வெகு அருகில் இருக்கும். தோலில் கத்தி வைக்கும் முதல் கோடே பெரியவர்களுக்குப் போடும் இடத்தில் போடக் கூடாது. இதையெல்லாம் பழகாத கை அந்தக் குழந்தையின் அருகில் போகக் கூடாது.

தொண்டைக்கு வருவோம். அங்கே இறந்தவரின் எலும்பு உதவாது, நேரமும் கிடையாது. நள்ளிரவில் நிலக்கடலை புரையேறிய இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் ஓடி வருவாள். மூச்சுக்குழாய்க்குள் விடும் ரிஜிட் பிராங்கோஸ்கோப்பின் பாகங்கள் எந்தத் தட்டில் இருக்கின்றன, எந்த அளவுக் குழாய்க்கு எந்த ஃபோர்செப்ஸ் பொருந்தும் என்று அப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே பகலில், வேலை குறைந்த ஒரு மதியத்தில், தியேட்டர் சிஸ்டரிடம் கேட்டு அந்தக் கருவியைப் பிரித்துப் பூட்டிப் பழகுங்கள். கண்ணை மூடிக்கொண்டும் பூட்டத் தெரிய வேண்டும். அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் உணவுக்குழாயிலிருந்தும் மூச்சுக்குழாயிலிருந்தும் எடுத்த 2,374 பொருள்கள் ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. நோயாளியின் தொண்டையில் சிக்கிய பொருளைப் போலவே இன்னொன்றை வெளியில் வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் பிடித்து எப்படித் திருப்பி எடுப்பது என்று பார்த்த பிறகே உள்ளே போவது அவர் வகுத்த முறை. நூறு ஆண்டுக்கு முந்தைய அந்த ஒழுங்கு உங்கள் தியேட்டரிலும் இருக்கட்டும். நாணயம் விழுங்கியதாகச் சொல்லிக் கொண்டுவரும் குழந்தையின் எக்ஸ்ரேயில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரிந்தால் அது பட்டன் பேட்டரி. இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயைக் கடுமையாக அரித்துவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று அதை ஒத்திவைக்கக் கூடாது.

மூச்சுக்குழாயில் துளையிடும் ட்ரக்கியாஸ்டமி செய்தவரால் பேச முடியாது. அவர் தலைமாட்டில் ஒரு நோட்டும் பேனாவும் வைக்கும்படி கேஸ் ஷீட்டில் எழுதுங்கள், மருந்தை எழுதுவது போலவே. எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் கைமணி ஒன்று. டான்சில் எடுத்த குழந்தை தூக்கத்தில் மீண்டும் மீண்டும் எச்சில் விழுங்குகிறதா என்று இரவு ரவுண்ட்ஸில் நின்று பாருங்கள். ரத்தம் உள்ளே கசிகிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம், நாடித்துடிப்பு ஏறுவதற்கு முன்பே தெரிந்துவிடும். இவற்றைச் செய்யக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

ஓபியில் ட்யூனிங் ஃபோர்க்கை மேசை டிராயரில் போட்டு வைக்காதீர்கள். 512 ஹெர்ட்ஸ் ஃபோர்க் ஒன்று உங்கள் பையில் இருக்கட்டும். ஆடியோகிராம் எடுப்பவர் மறு காதை ஒலியால் மறைக்க மறந்திருந்தால், முழுதும் செத்த காதும் ஓரளவு கேட்கும் காது போலத் தாளில் வந்துவிடும். ஃபோர்க்கைக் காதருகே பிடித்து, பிறகு நெற்றியில் வைத்துப் பார்த்தால் அந்தப் பிழை வெளிவந்துவிடும். கேட்கும் காது இது ஒன்றுதான் என்று தெரியாமல் அதன் மேலேயே கத்தி வைப்பதைவிடப் பெரிய கொடுமை நம் துறையில் இல்லை. ஆடியாலஜி அறையில் நேரம் கிடைக்கும்போதெல்லாம் போய் உட்காருங்கள். இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைக்குக் கருவியை முதன்முதலாக இயக்கும் நாளில் கட்டாயம் இருங்கள். அதன்பின் மாதக்கணக்கில் நடக்கும் பேச்சுப் பயிற்சிக்கு ஊரிலிருந்து பஸ் ஏறி வர முடியாமல் எத்தனை தாய்மார் தடுமாறுகிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். தேசிய மருத்துவ ஆணையம் உங்களுக்குக் கட்டாயமாக்கியிருக்கும் மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணியைத் தண்டனையாக எண்ண வேண்டாம். அந்தத் தாய்மார் புறப்பட்டு வருவது அந்த மாவட்டங்களிலிருந்துதான்.

2021ல் இத்துறையில் படித்துக்கொண்டிருந்த உங்கள் மூத்தவர்களைக் கண்டால் கேட்டுப் பாருங்கள். கொரோனா இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை வந்து, சர்க்கரை நோயாளிகளின் மூக்கையும் தாடையையும் கண்ணையும் தின்றுகொண்டிருந்த மாதங்கள் அவை. அந்த மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கத்தக்க நோயாக அறிவித்தது. ஆம்போடெரிசின் மருந்துக்கு எங்கும் தட்டுப்பாடு. கவச உடைக்குள் வேர்த்து ஒழுக, நாள் முழுக்க எண்டோஸ்கோப்பைப் பிடித்துச் செத்த திசுவை அகற்றிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பகுதி முதுநிலை மாணவர்கள். அவர்களால் அன்று அது முடிந்தது. அதற்கு முன்பே சைனஸ் அறுவையில் கை பழகியிருந்ததுதான் காரணம். அந்த மாதிரி நாள் சொல்லிவிட்டு வராது.

உங்கள் நேரத்தைத் தின்பது எது என்று எனக்குத் தெரியும். முதலாண்டில் பாதி நாள் ரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு லேபுக்கு ஓடுவதிலும், ரிப்போர்ட் வாங்கி வருவதிலும், டிஸ்சார்ஜ் எழுதுவதிலும் போய்விடும். இரவு டியூட்டி முடிந்து மறுநாள் ஓபியும் அதே ஆள். 2023ல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் நியாயமான பணி நேரமும் ஓய்வும் வாரம் ஒரு நாள் விடுப்பும் உங்களுக்கு உண்டு என்கின்றன. பல வார்டுகளில் அந்த விதி இன்னும் நுழையவில்லை. ஓய்வைக் கேட்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். தூங்காத கை மைக்ரோஸ்கோப்பின் கீழே நடுங்குவது எல்லார் கண்ணுக்கும் பெரிதாகத் தெரியும். எங்கள் காலத்தில் இதைவிடக் கஷ்டப்பட்டோம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், கஷ்டப்பட்டோம். அதனால் எந்த நோயாளிக்கும் ஒரு நன்மையும் விளையவில்லை.

எலும்பு அறைக்கு வாரத்தில் ஒரு மதியத்தையாவது யாரும் பறிக்க முடியாதபடி ஒதுக்கித் தரும்படி உங்கள் சீஃப்பிடம் கேளுங்கள். தனியாகக் கேட்டால் மறந்துவிடுவார். முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு எல்லாரும் சேர்ந்து எழுத்தில் கொடுங்கள், பணிவோடு. பெரும்பாலான சீஃப்கள் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்கள். யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பவர்களும் அவர்களில் உண்டு. அதற்கு முன் அனாட்டமி துறைத் தலைவரைப் போய்ப் பாருங்கள். முதலாண்டு மாணவர்களின் அறுப்பு வகுப்பு எந்த மாதம் முடிகிறது, பொட்டெலும்பை எடுக்க யாருடைய கையெழுத்து வேண்டும், எந்தப் பதிவேட்டில் எழுத வேண்டும், பழகி முடித்த எலும்புகளை எப்படித் திரும்ப ஒப்படைத்து முறைப்படி அடக்கம் செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதையும் அந்தக் கடிதத்தில் சேருங்கள். லாக்புக்கில் நீங்கள் துளைத்த ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு வரி எழுதி, உடன் இருந்த ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குங்கள். முதல் மாஸ்டாய்டைச் செய்ய உங்களைக் கூப்பிடும் நாளில் அந்தப் பக்கத்தைக் கூப்பிட்டவரிடம் காட்டுங்கள். பக்கம் வெறுமையாக இருந்தால், "சார், இன்றைக்கு நான் அசிஸ்ட் பண்ணுகிறேன்" என்று சொல்லி ஒதுங்கி நில்லுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற காது மூக்கு தொண்டைப் பேராசிரியை ஒருவர்